ப்ரோகிராமில் கேமரா மாற்றினால் எல்இடி ஆக்ஸும் கூடவே மாறணும், ஜிப் மட்டும் போகக் கூடாது: ஏடெம்மில் வழி உண்டா?

மேடைவெளிச்சம் எழுதியது:

வணக்கம். மிக்ஸர் (கேமராக்களை மாற்றும் வீடியோ ஸ்விட்சர்): பிளாக்மேஜிக் ஏடெம் 2 எம்/இ கான்ஸ்டலேஷன் எச்டி, 1080ஐ50. எம்/இ என்பது படங்களைக் கட், மிக்ஸ் செய்யும் பகுதி, இதில் இரண்டு உண்டு. பட்டமளிப்பு விழா, ஆண்டு விழா வகை நிகழ்ச்சிகள். மிக்ஸரில் ஒரே ஆள்தான், எல்இடிக்குத் தனி ஆள் கிடையாது.

உள்ளீடுகள்: 1 மேடை டைட், 2 பக்கவாட்டு, 3 ஜிம்மி ஜிப் (நீண்ட கையில் ஏறி இறங்கும் கேமரா), 4 கூட்டம், 5 பிபிடி லேப்டாப், 7-ம் 8-ம் கிராஃபிக்ஸ் மெஷினின் ஃபில் (ஒட்ட வேண்டிய படம்), கீ (அதை எந்த வடிவத்தில் வெட்டுவது என்று சொல்லும் சிக்னல்).
வெளியீடுகள் (ஆக்ஸ்): 1 ப்ரோகிராம், அதாவது ஆன் ஏர் படம் (யூடியூப், ரெக்கார்டிங்), 2 எல்இடி ப்ராசஸர், அது வழியாக மேடையின் எல்இடி வால் (திரைச் சுவர்).

இப்போது வெளியீடு 2-ல் க்ளீன் ஃபீட் 1 இருக்கிறது. பேர் ஸ்ட்ரிப் டிஎஸ்கே 1-ல் (படத்தின் மேல் கடைசியாக ஒட்டும் கீயர்) இருப்பதால் வாலுக்குப் போவதில்லை, அது சரி. சிக்கல் ரெண்டு.

அ) பிபிடி ஓடும்போது மூலையில் பேச்சாளரை பிஐபியாக (படத்துக்குள் சின்னக் கட்டமாக) வைக்கிறோம். அந்தக் கட்டம் வாலிலும் வருகிறது. வாலில் பிபிடி மட்டும் போதும்.

ஆ) ஜிப் ஃப்ரேமில் வாலும் விழும். ஜிப்பை எடுத்ததும் வாலுக்குள் வால், அதற்குள் இன்னொரு வால் என்று சுரங்கம் போல ஓடுகிறது. ஜிப் போகும் நேரத்தில் வாலில் முந்தைய படமே நின்றால் போதும்.

பெரிய மிக்ஸர்களில் ‘பஸ் லிங்க்’ (ஒரு பஸ்ஸில், அதாவது சோர்ஸ் தேர்வு வரிசையில், மாற்றினால் இன்னொன்றும் கூடவே மாறுவது) என்று மெனுவே உண்டு என்கிறார்கள். எம்/இ 1 ப்ரோகிராம் பஸ்ஸையும் ஆக்ஸ் 2-ஐயும் அப்படி இணைக்க ஏடெம்மில் இடம் இருக்கிறதா? ஒரு நிகழ்ச்சிக்கு நூற்றுக்கணக்கான கட். ஒவ்வொன்றுக்கும் ஆக்ஸைக் கையால் மாற்ற முடியாது.

---

பேட்ச்பே எழுதியது:

ஏடெம்மில் பஸ் லிங்க் மெனு கிடையாது. ஆனால் நீங்கள் கேட்பதற்கு லிங்க்கே வேண்டாம் என்பது என் கருத்து.

முதலில் க்ளீன் ஃபீட் விஷயம். க்ளீன் ஃபீட் 1 என்பது டிஎஸ்கேக்களுக்கு முன்னால் எடுத்த படம், க்ளீன் ஃபீட் 2 என்பது டிஎஸ்கே 1-க்கும் 2-க்கும் நடுவில் எடுத்த படம். எம்/இ 1-ன் அப்ஸ்ட்ரீம் கீயர்கள் அதற்கும் முன்னாலேயே ஒட்டிவிடுகின்றன. பிஐபி அப்ஸ்ட்ரீம் கீயரில்தான் ஓடுகிறது. அதனால் எந்த க்ளீன் ஃபீடை எடுத்தாலும் அந்தக் கட்டம் வரத்தான் செய்யும்.

உங்களிடம் எம்/இ 2 சும்மா கிடக்கிறது. அதை முன்னால் போடுங்கள். அதாவது ரீ-என்ட்ரி (ஒரு எம்/இ-யின் வெளியீட்டை இன்னொன்றுக்கு உள்ளீடாகக் கொடுப்பது):

1. கேமரா கட் எல்லாம் எம்/இ 2-ல். அங்கே கீயர் ஒன்றும் ஆனில் இருக்கக் கூடாது.
2. எம்/இ 1-ன் ப்ரோகிராம் பஸ்ஸில் ‘எம்/இ 2 ப்ரோகிராம்’ என்ற சோர்ஸைப் போட்டு அப்படியே விட்டுவிடுங்கள். பட்டன் வரிசையில் அது இல்லையென்றால் செட்டிங்ஸில் பட்டன் மேப்பிங் போய், எளிதாகக் கை போகிற ஒரு பட்டனில் வையுங்கள்.
3. பிஐபி எம்/இ 1-ன் அப்ஸ்ட்ரீம் கீயர் 1-ல், பேர் ஸ்ட்ரிப் எப்போதும் போல டிஎஸ்கே 1-ல்.
4. வெளியீடு 2-ல் ‘எம்/இ 2 ப்ரோகிராம்’.

இப்போது வாலுக்குப் போவதும், ஸ்ட்ரீமின் அடியில் ஓடுவதும் ஒரே படம். கட் மட்டுமில்லை, மிக்ஸ் போட்டால் அந்த மிக்ஸும் அப்படியே வாலில் வரும். ஒரு ஃப்ரேம் கூட முன்பின் ஆகாது. வெளியே கம்ப்யூட்டரும் வேண்டாம்.

ஜிப்பை எம்/இ 2-ல் எடுக்கவே எடுக்காதீர்கள். ஜிப் தேவைப்படும்போது எம்/இ 1-ன் ப்ரோகிராமை நேராக உள்ளீடு 3-க்கு மாற்றுங்கள். எம்/இ 2-ல் கடைசியாக எந்தக் கேமரா இருந்ததோ அது வாலில் நிற்கும். திரும்பி வர எம்/இ 1-ஐ மறுபடி எம்/இ 2-க்குக் கொண்டுவந்தால் முடிந்தது.

பேனலில் எம்/இ 1, எம்/இ 2 என்று மாறி மாறி அழுத்தும்போதுதான் கை தடுமாறும். எம்/இ 1 தேர்வாகி இருப்பது தெரியாமல் கேமரா 2-ஐக் கட் பண்ணினால் ஸ்ட்ரீம் மாறும், வால் மாறாது. ‘எல்இடி ஃபாலோ ஆகல’ என்று மேடையிலிருந்து குரல் வந்தால் முதலில் இதைப் பாருங்கள். இதைத் தவிர்க்க, பேனலை எப்போதும் எம்/இ 2-லேயே வைத்துக்கொண்டு, ஜிப்புக்கு மட்டும் ரெண்டு மேக்ரோ (ஒரே அழுத்தலில் ஓடும், பதிவு செய்த கட்டளைகள்) எழுதுங்கள். ஒன்று எம்/இ 1-ஐ உள்ளீடு 3-க்குக் கொண்டுபோவது, இன்னொன்று எம்/இ 2-க்குத் திருப்பிக் கொண்டுவருவது.

மேக்ரோ ரெக்கார்ட் பண்ணும்போது ஒரு விஷயம். ஏற்கெனவே எந்த நிலையில் இருக்கிறதோ அதையே மறுபடி அழுத்தினால் ரெக்கார்ட் ஆகாது. எம்/இ 1 ஏற்கெனவே 3-ல் இருந்தால், வேறு எங்காவது மாற்றி வைத்துவிட்டு அப்புறம் ரெக்கார்டை ஆரம்பித்து 3-ஐ அழுத்துங்கள்.

ஜிப் ஆன் ஏரில் இருக்கும்போது எம்/இ 2-ல் விளையாடவும் கூடாது. அங்கே போடுகிற ஒவ்வொரு கட்டும் வாலில் தெரியும், வால் ஜிப் ஃப்ரேமில் தெரியும்.

---

ட்ரிகர்_தம்பி எழுதியது:

பேட்ச்பே அண்ணா சொன்னதுதான் சுத்தமான வழி. ஆனா எம்/இ 2 வேற வேலைக்குப் போயிட்டா (ரெண்டாவது ஸ்ட்ரீம், தமிழ் ஸ்ட்ரிப் ஒண்ணு, இங்கிலீஷ் ஸ்ட்ரிப் ஒண்ணுன்னு) அப்போ உண்மையான லிங்க் வேணும். பிட்ஃபோகஸ் கம்பேனியன்ல (மிக்ஸரை நெட்வொர்க் வழியா இயக்குற கம்ப்யூட்டர் மென்பொருள்) ட்ரிகர் வெச்சுப் பண்ணலாம். பதிப்பு 3-லேர்ந்து ட்ரிகர்ல நிகழ்வு, நிபந்தனை, செயல்னு மூணு பகுதி இருக்கு.

நிகழ்வு: ஒரு மாறியோட (வேரியபிள்) மதிப்பு மாறும்போது. ஏடெம் மாட்யூல் தர்ற மாறிகள்ல ‘எம்/இ 1 ப்ரோகிராம் உள்ளீட்டின் எண்’ எடுங்க. பக்கத்துலயே லேபிள் தர்ற மாறியும் இருக்கும், அது வேணாம். லேபிளை யாராவது ‘கேம் 1’லேர்ந்து ‘டைட்’னு மாத்தினா நிபந்தனை எல்லாம் உடைஞ்சிடும். எண் மாறாது.

நிபந்தனை: அந்த எண் 3 இல்லைன்னா மட்டும். கூடவே ‘லிங்க்’னு சொந்தமா ஒரு மாறி உண்டாக்கி, அது 1-ஆ இருந்தா மட்டும்.

செயல்: ஆக்ஸ் வெளியீடு 2-ன் சோர்ஸை மாறியிலேர்ந்து எடுத்து வைக்கிறது.

அந்த ‘லிங்க்’ மாறியை 0, 1-னு மாத்த ஸ்ட்ரீம் டெக்ல (கம்ப்யூட்டர்ல இணைக்கிற பட்டன் பலகை) ஒரு பட்டன் கட்டாயம் வேணும். 1-ஆ இருந்தா பச்சை, 0-ஆ இருந்தா சிவப்புன்னு ஃபீட்பேக் போடுங்க. ஸ்பான்சர் வீடியோ வால்ல மட்டும் ஓடணும்னு திடீர்னு கேப்பாங்க. லிங்க் ஆஃப் பண்ணாம ஆக்ஸைக் கையால மாத்தினீங்கன்னா அடுத்த கட்லயே போயிடும்.

எங்கே கடிக்கும்னு சொல்றேன்.

மிக்ஸ் போட்டா லிங்க் லேட். ஏடெம்ல மிக்ஸ் ஓடும்போது ப்ரோகிராம் பஸ் பழைய சோர்ஸ்லயேதான் இருக்கும். மிக்ஸ் முடிஞ்சப்புறம்தான் ப்ரோகிராமும் ப்ரிவ்யூவும் இடம் மாறும். ரேட் 1:00 (ஒரு வினாடி) வெச்சிருந்தா ஸ்ட்ரீம்ல படம் கரைஞ்சு முடிஞ்ச பிறகு, 25 ஃப்ரேம் கழிச்சு, வால் சடக்குனு மாறும். ஆக்ஸ்ல மிக்ஸே கிடையாது, கட் மட்டும்தான்.

ரெண்டு பக்கமும் லிங்க் போடாதீங்க. ப்ரோகிராம் மாறினா ஆக்ஸ், ஆக்ஸ் மாறினா ப்ரோகிராம்னு வெச்சா ஒண்ணு இன்னொண்ணைத் தூண்டும். வேகமா ரெண்டு கட் போட்டா ரெண்டும் மாத்தி மாத்தி அடிச்சுக்கும். எது தலைவன், எது தொண்டன்னு முதல்லயே முடிவு பண்ணிடுங்க.

நெட்வொர்க் போய் வந்தா ட்ரிகர் அடிக்கும். இணைப்பு வந்ததும் மாறிக்குப் புது மதிப்பு விழும், கம்பேனியனுக்கு அதுவும் ‘மாற்றம்’தான். அதனாலதான் ‘லிங்க்’ மாறியோட ஆரம்ப மதிப்பை 0-ன்னு வைக்கச் சொல்றேன். வைஃபை வேணவே வேணாம், கேபிள்தான். கேபிள் பிடுங்கினாலும் வால் கருப்பாகாது, ஆக்ஸ் மிக்ஸருக்குள்ள இருக்கு, கடைசி சோர்ஸ்லயே நிக்கும்.

வால்லயும் மிக்ஸ் வேணும்னா ஆக்ஸ் போதாது, வாலுக்கு எம்/இ 2 ப்ரோகிராமைக் கொடுத்து, ப்ரிவ்யூக்களை லிங்க் பண்ணணும். எம்/இ 1 ப்ரிவ்யூ மாறினா எம்/இ 2 ப்ரிவ்யூவும் அதுவே. அப்புறம் ஸ்ட்ரீம் டெக்ல ஒரே பட்டன்ல எம்/இ 2 ஆட்டோ, எம்/இ 1 ஆட்டோ ரெண்டும். பேனலோட ஆட்டோ பட்டனைத் தொடக் கூடாது.

இதுல ஜிப் எப்படி? ப்ரிவ்யூல 3 வந்தா எம்/இ 2 ப்ரிவ்யூவை மாத்தாம விட்டா போதும்னு தோணும். போதாது. எம்/இ 2 ப்ரிவ்யூல அதுக்கு முன்னால வந்த ஏதோ ஒரு கேமரா உக்காந்திருக்கும். ஆட்டோ அடிச்சா வால்ல அது வந்துடும். அதனால ப்ரிவ்யூ 3 ஆனா, எம்/இ 2 ப்ரிவ்யூவில் எம்/இ 2 ப்ரோகிராம்ல என்ன இருக்கோ அதையே வைங்க. கேமரா 1-லேர்ந்து கேமரா 1-க்கு மிக்ஸ், யாருக்கும் தெரியாது.

இன்னொண்ணு, இது ரொம்ப நுணுக்கம். மிக்ஸ் முடியும்போது எம்/இ 1 ப்ரிவ்யூ தானா மாறும், ட்ரிகர் அடிக்கும். அந்த நொடியில எம்/இ 2-ன் மிக்ஸ் இன்னும் முடியலைன்னா, ஓடிட்டிருக்கிற மிக்ஸுக்கு நடுவுல ப்ரிவ்யூ சோர்ஸ் மாறி வால்ல ஒரு ஃப்ரேம் துள்ளும். எம்/இ 1 ரேட் 1:00 ஆ, எம்/இ 2-க்கு 0:22 வைங்க. முதல்ல அது முடிஞ்சிடும்.

ப்ரோகிராம் வரிசையிலயே நேரா கட் அடிக்கிற பழக்கம் இருந்தா ப்ரிவ்யூ லிங்க் அதைப் பாக்காது. எம்/இ 1 ப்ரோகிராம் மாறினா, 3 இல்லைன்னா, எம்/இ 2 ப்ரோகிராமையும் மாத்துன்னு ரெண்டாவது ட்ரிகர் வைங்க. மிக்ஸ்ல போனப்போ ரெண்டும் ஏற்கெனவே ஒண்ணாத்தான் இருக்கும், அது சும்மா இருந்துடும்.

---

மேடைவெளிச்சம் எழுதியது:

நன்றி அண்ணன்களே. ரீ-என்ட்ரிதான் எனக்குச் சரி. ஜிப்புக்கு ரெண்டு மேக்ரோ போட்டாயிற்று, வால் அப்படியே நிற்கிறது.

கூடவே ஒரு கேள்வி. 7 ஃபில், 8 கீ. சில நேரம் அந்தக் கீயரில் வேறு சோர்ஸ் ஃபில்லாகப் போட்டால் எழுத்து வடிவத்தில் அந்தப் படம் வெட்டிக்கொண்டு வருகிறது. மீடியா ப்ளேயரை ஃபில்லாகப் போடும்போது இந்தத் தொல்லை இல்லை. இதுவும் லிங்க் விஷயம்தானா? பெரிய மிக்ஸர்களில் இதெல்லாம் எப்படி நடக்கிறது?

---

வெர்டிகல்_இன்டர்வல் எழுதியது:

ஆமாம், அதுவும் லிங்க்தான். ஃபில் பஸ், கீ சோர்ஸ் பஸ் இரண்டும் தனித்தனி பஸ்கள். மீடியா ப்ளேயர் 1-ஐ ஃபில்லாகத் தேர்ந்தெடுத்தால் அதன் கீ எது என்று ஏடெம்முக்கே தெரியும், தானாகச் சேர்த்துவிடும். எஸ்டிஐ-யில் வருகிற 7-க்கு 8 ஜோடி என்று அதற்குத் தெரிய வழியில்லை. ஃபில்லை மட்டும் மாற்றினால் கீ 8-லேயே நின்று, அந்த எழுத்து வடிவத்தில் புதுப் படத்தை வெட்டும்.

இதற்குத் தீர்வு, ஜோடியைப் பிரிக்காமல் இருப்பது. டிஎஸ்கே 1-ல் ஃபில் 7, கீ 8, ப்ரீ-மல்டிப்ளைட் ஆன் என்று வைத்து ஸ்டார்ட்அப் ஸ்டேட்டாக சேவ் பண்ணிவிடுங்கள்; அதன் பிறகு அந்தக் கீயரைத் தொடாதீர்கள். லோகோ, மீடியா ப்ளேயர் எல்லாம் டிஎஸ்கே 2-ல். ஒரே கீயரில்தான் மாற்றியாக வேண்டுமென்றால் ஜோடிக்கு ஒரு மேக்ரோ, ஃபில்லும் கீயும் ஒன்றாக மாறுகிற மாதிரி. கீயர் ஆஃப் ஆகி இருக்கும்போது மட்டும் ஓட்டுங்கள்.

பெரிய மிக்ஸர்கள் பற்றி. சோனி எம்விஎஸ் வரிசையில் இன்ஜினியரிங் செட்அப்புக்குள் ‘இன்டர்னல் பஸ் லிங்க்’ என்றே இருக்கிறது. மாஸ்டர் பஸ் ஒன்று, அதைத் தொடரும் பஸ் ஒன்று என்று தேர்ந்தெடுப்பீர்கள். மற்ற கம்பெனிகளில் பெயர் வேறாக இருக்கும், கருத்து இதுதான். கம்பேனியன் முறைக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம், இரண்டு பஸ்ஸும் மிக்ஸருக்குள்ளேயே ஒரே வெர்டிகல் இன்டர்வலில் (ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவிலுள்ள இடைவெளி) மாறுகின்றன. வெளியே கம்ப்யூட்டர் போய் வரும் சில ஃப்ரேம் தாமதம் இல்லை. டிவி கன்ட்ரோல் ரூமில் இது அவசியம். எல்இடி வாலில் அந்த சில ஃப்ரேமை யாரும் கவனிக்க மாட்டார்கள், ஏனென்றால் ப்ராசஸரே தன் பங்குக்குத் தாமதம் சேர்க்கிறது.

அங்கேயும் இரண்டு இடங்களில் ஆட்கள் மாட்டுவார்கள்.

முதலாவது, லிங்க் எதை வைத்துத் தொடர்கிறது? சில மிக்ஸர்களில் பட்டன் எண், சிலவற்றில் சோர்ஸ். பட்டன் எண்ணை வைத்துத் தொடர்வது என்றால், மாஸ்டரில் 6-வது பட்டனை அழுத்தினால் அடிமைப் பஸ்ஸில் 6-வது பட்டனில் என்ன மேப் ஆகியிருக்கிறதோ அது வரும். ஆக்ஸ் பேனலுக்கு யாராவது வேறு மேப் போட்டிருந்தால் சம்பந்தமே இல்லாத படம் வரும், லிங்க் ‘கெட்டுப்போச்சு’ என்பார்கள். லிங்க் சரியாகத்தான் வேலை செய்கிறது. இதையே வசதியாகவும் பயன்படுத்தலாம்: அடிமைப் பஸ்ஸின் மேப்பில் ஜிப் இருக்கிற பட்டனில் நிகழ்ச்சி லோகோவை வைத்தால், ஜிப் போகும்போது வாலில் லோகோ வரும். ஃபில் பட்டனுக்கு நேராக அதன் கீயை வைப்பதும் இதே உத்தி.

இரண்டாவது, இரண்டு எம்/இ-க்களை லிங்க் பண்ணும்போது. எம்/இ 1-ன் ஏ பஸ்ஸை எம்/இ 2-ன் ஏ பஸ்ஸோடு மட்டும் இணைத்துவிட்டு, ட்ரான்சிஷனை இணைக்காமல் விடுவார்கள். மிக்ஸர் ஏ/பி முறையில் ஓடினால், ஃபேடர் கீழே வந்ததும் எம்/இ 1-ல் பி ஆன் ஏருக்கு வந்து ஏ ப்ரிவ்யூவாகிவிடும். எம்/இ 2-ல் ஃபேடர் அசையவில்லை. அங்கே இன்னும் ஏ-தான் ஆன் ஏர். அடுத்து எம்/இ 1-ல் ‘ப்ரிவ்யூவில்தானே’ என்று ஏ பஸ்ஸில் ஒரு சோர்ஸை எடுத்தால், எம்/இ 2-ல் அது நேராக ஆன் ஏரில் விழும். இதற்காகத்தான் எம்/இ லிங்க் போடும்போது ஏ, பி இரண்டையும் இணைத்து, ட்ரான்சிஷனையும் சேர்த்து இணைப்பது. ஒன்றை விட்டு ஒன்றை இணைக்காதீர்கள். ப்ரோகிராம் வரிசை எப்போதும் மேலே, ப்ரிவ்யூ எப்போதும் கீழே என்று ஃப்ளிப்-ஃப்ளாப்பில் ஓடினால் பஸ்ஸின் வேலை மாறாது, ஆபத்து குறைவு. ஆனால் எம்/இ 2-ல் ட்ரான்சிஷன் ஓடாமல் ப்ரிவ்யூ மட்டும் மாறிக்கொண்டிருக்கும், லிங்க் இருந்தும் வால் அசையாது.

கம்பேனியன் ட்ரிகர் மேல் எனக்கு ஒரு மனக்குறை. மிக்ஸரின் ஸ்டேட்டை சேவ் பண்ணி வேறு இடத்தில் லோட் பண்ணினால் லிங்க் வராது, அது லேப்டாப்பில் இருக்கிறது. கம்பேனியன் கான்ஃபிகை எக்ஸ்போர்ட் பண்ணி மிக்ஸர் ஃபைலோடு ஒரே ஃபோல்டரில் வையுங்கள்.

---

பேட்ச்பே எழுதியது:

டேலி (கேமரா ஆன் ஏரில் இருப்பதைக் காட்டும் சிவப்பு விளக்கு) பற்றி யாரும் சொல்லவில்லை, அதையும் சேர்த்துவிடுகிறேன். ஜிப் ஆன் ஏரில் இருக்கும்போது கேமரா 1-ன் சிவப்பு விளக்கு அணைந்திருக்கும். ஸ்ட்ரீமில் அவர் இல்லை, அது உண்மை. ஆனால் வாலில் 20 அடி உயரத்தில் அவர் ஷாட்தான் நிற்கிறது. விளக்கு அணைந்ததும் கேமராமேன் அடுத்த ஷாட்டுக்கு ஜூம் இழுப்பார், ஃபோகஸ் தேடுவார், எல்லாம் வாலில் தெரியும், ஜிப் ஷாட்டிலும் தெரியும். ஜிப் மேக்ரோவை அழுத்துவதற்கு முன்னால் டாக்பேக்கில் ‘ஒன்னு ஹோல்டு, வால்ல இருக்க’ என்று சொல்லிவிடுங்கள். இன்னும் பாதுகாப்பாக வேண்டுமென்றால் ஜிப் மேக்ரோவிலேயே, முதல் அடியாக எம்/இ 2 ப்ரோகிராமை மீடியா ப்ளேயர் 1-க்கு (நிகழ்ச்சி லோகோ ஸ்டில்) கட் பண்ணுங்கள், அடுத்து சுமார் 5 ஃப்ரேம் பாஸ் (சிறு நிறுத்தம்), அப்புறம் எம்/இ 1-ஐ 3-க்கு. அந்த பாஸ் இல்லாவிட்டால், ப்ராசஸர் தாமதத்தால் ஜிப் ஷாட்டின் முதல் சில ஃப்ரேமில் வாலில் பழைய படம் தெரிந்து அப்புறம் லோகோவுக்கு மாறும். பாஸ் இருக்கும் அந்த நேரத்தில் ஸ்ட்ரீமில் லோகோ வந்து போகும், ஏனென்றால் எம்/இ 1 இன்னும் எம்/இ 2-ஐத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது. அது உறுத்தினால் பாஸை எடுத்துவிட்டு வரிசையைத் திருப்பிப் போடுங்கள்: முதலில் எம்/இ 1-ஐ 3-க்கு, அடுத்து எம்/இ 2-ஐ லோகோவுக்கு. வாலில் பழைய படம் லோகோவாக மாறுவது ஜிப் ஷாட்டில் தெரியும், ஸ்ட்ரீம் பார்ப்பவருக்கு அது இயல்பாகவே இருக்கும். நான் இதைத்தான் போடுவேன்.

திரும்பி வரும் மேக்ரோவில் எம்/இ 2-ஐ முதலில் கேமரா 1-க்குக் கொண்டுவந்துவிட்டு அப்புறம்தான் எம்/இ 1-ஐ எம்/இ 2-க்கு. மாற்றிப் போட்டால் ஸ்ட்ரீமில் லோகோ ஒரு கணம் மின்னும்.